ஜெசிந்தாவின் பெயரில் ஒரு கூட்ஸ் ஆட்டோ

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. தோளில் பை, கையில் ஹெல்மெட், கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் இளைஞர் எங்கள் வீட்டு கேட்டைத் தட்டினார். கேபிள் டிவிக்காரர் என்று நினைத்து, "ரெண்டு நாளா படமே வரலியேப்பா" என்று நான் ஆரம்பித்துவிட்டேன். அவர் பாவம், நான் முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, "சார், நான் வெரிஃபிகேஷனுக்கு வந்திருக்கேன்" என்றார்.

யாரை வெரிஃபை செய்ய? எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் ஜெசிந்தாவை!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் லிங்கராஜபுரம் வீடு தெரியும். கீழே நானும் மனைவியும். மாடியில் ஜெசிந்தா, அவர் கணவர் அந்தோணி, பள்ளிக்கூடம் போகும் மகள். அந்தோணி எலக்ட்ரீஷியன். கட்டடம் எழும்புகிற இடத்தில் வேலை இருக்கும், எழும்பாத மாதத்தில் இருக்காது. ஜெசிந்தா பி.காம். படித்தவர். ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் வங்கிகள் தும்மிய தும்மலில் இங்கே இந்தக் கம்பெனிக்கு ஜன்னி கண்டது. ஒரு திங்கட்கிழமை காலை எல்லோரும் வேலைக்குப் போனால் கேட்டில் பூட்டு தொங்குகிறது.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அலைந்து, ஒரு வங்கியின் 'பேக் ஆபீஸ்' வேலைக்கு விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்வு, ஆங்கிலப் பேச்சு, இரண்டு மூன்று நேர்முகம் — எல்லாவற்றிலும் பாஸ். கடைசி ரவுண்டு இதுதான். அக்கம்பக்கத்தில் வந்து விசாரிப்பது.

அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள்தான் இப்படித் தெருவில் விசாரிப்பார்கள். இப்போது கம்ப்யூட்டர் முன் உட்காரப் போகிறவர்களுக்கும் அதே மரியாதை! எனக்கு ஏக குஷி. இளைஞரை உட்கார வைத்துக் காபி கொடுத்தோம்.

"அவங்க கேரக்டர் எப்படி சார்?"

"எழுதிக்குங்க" என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். "கடின உழைப்பாளி. ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவங்க. எங்க வீட்டு எலக்ட்ரிசிட்டி பில்லையும் சேத்து அவங்கதான் கட்டிட்டு வருவாங்க. நான் எழுதறதை எல்லாம் படிச்சுட்டு நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னே சொல்லுவாங்க…"

"சார், எஸ் ஆர் நோ போதும்."

"எஸ்" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

அவர் போன பிறகு மாடியிலிருந்து ஜெசிந்தா இறங்கி வந்தார். "என்ன சார் கேட்டாங்க? என்ன சொன்னீங்க?" என்று முகம் பூராவும் சிரிப்பு. அந்த வங்கியில் ஷூ போட்டுக்கொண்டுதான் வர வேண்டுமாம். பிரேசர் டவுனில் கறுப்பு ஷூ ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தார். அதைப் போட்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகிக்கொண்டிருக்கிறார் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். எங்கள் தலைக்கு மேலேதானே அந்த நடை!

அடுத்த வாரம் போன் வந்தது. "வருந்துகிறோம்" என்றார்கள். காரணம்? சொல்லவில்லை.

நம்மில் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் என்ன செய்வோம்? இரண்டு நாள் அழுவோம். ரெகமெண்டேஷன் இருக்கிறவனுக்குத்தான் வேலை என்போம். ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போவோம். வேலை தராதவர்களிடம் போய், 'ஏன் தரவில்லை?' என்று கேட்டவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்கு அதுவரை தெரியாது.

ஜெசிந்தா கிளம்பிவிட்டார்.

"சார், அந்தோணி ஒயிட்ஃபீல்டுல சைட்டுக்குப் போயிட்டாரு. நீங்க கூட வரீங்களா? நீங்க பத்திரிகைல எழுதறவரு. கூட இருந்தா ஒக்காரவாவது வெப்பாங்க."

என் எழுத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அவுட்டர் ரிங் ரோடில் ஒரு கண்ணாடிக் கட்டடம். வாசலில் செக்யூரிட்டி, "யாரு பேக்கு?" (யார் வேண்டும்?) என்று கன்னடத்தில் மறித்தார். ஜெசிந்தா அதே கன்னடத்தில் நிதானமாக அவருக்கு விளக்கிவிட்டு, என்னைக் காட்டி, 'பத்திரிகையிலிருந்து வந்திருக்கிறார்' என்று கடைசியில் சேர்த்தார். கதவு திறந்தது! எந்தப் பத்திரிகை, அதில் நான் என்ன எழுதுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்… என் மனைவியின் ரவா உப்புமாவைப் பற்றி எழுதுகிறேன் என்றா சொல்வது?

வெகு நேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஹெச்.ஆர். மேனேஜர் வந்து தன் அறைக்கு அழைத்துப் போனார். பெயர் ரகுராம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், நாங்கள் இருவரும் தமிழ் என்று தெரிந்ததும் சட்டென்று கரூர்த் தமிழுக்கு வந்துவிட்டார். நல்ல பையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"மேடம், வழக்கமா நாங்க காரணம் சொல்றதில்லீங்க."

"வழக்கமா யாரும் வந்து கேக்கறதில்லியோ என்னவோ சார்" என்றார் ஜெசிந்தா.

ரகுராம் கொஞ்சம் சிரித்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "உங்க கடன் ரெக்கார்டு சரியில்லீங்க. உங்க பேர்ல ஒரு வண்டி லோன். கட்டாம நிக்குது. பணம் பொழங்கற எடமில்லீங்களா… அதனால கடன் பாக்கி இருக்கறவங்கள மேல எடுக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "வண்டியா? சார், இவங்களுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது! இது வேற யாரோ ஜெசிந்தா. கம்ப்யூட்டர்ல மாத்திப் போட்டுட்டாங்க."

பெரிதாகத் துப்பறிந்துவிட்ட பெருமையோடு ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இல்ல சார். அது நான்தான். கூட்ஸ் ஆட்டோ."

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் ஜெசிந்தா குடும்பம் பக்கத்திலேயே ஒரு வட்டாரத்தில் இருந்தது. வட்டாரம் என்றால் பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக வீடுகள், நடுவில் பொதுவாக ஒரு குழாய். அந்த வட்டாரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர், மேஸ்திரி, தையல்காரர், பேக்கரி மாஸ்டர் என்று எல்லோருக்கும் வருமானம் உண்டு. ஆனால் 'சேலரி ஸ்லிப்' உள்ள ஒரே ஆள் ஜெசிந்தா. தவணையில் பொருள் கொடுக்கிற கம்பெனிக்காரர்களுக்கு வருமானம் முக்கியம் இல்லை, ஸ்லிப்தான் முக்கியம் அல்லவா?

ஆகவே அங்கே ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் எது வாங்கினாலும், "ஜெசிந்தாக்கா, உங்க ஸ்லிப்பு கொஞ்சம்…" என்று வந்து நிற்பார்கள். கடன் இவர் பெயரில். தவணை அவர்கள் கையில். மாதம் பிறந்ததும் அவரவர் தவணையைக் கொண்டுவந்து இவரிடம் கொடுத்துவிடுவார்கள். மேஸ்திரி வீட்டு டிவி, தையல்காரர் வீட்டு மெஷின், மூலை வீட்டு கிரைண்டர்… சட்டப்படி பார்த்தால் அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் மாவு அரைத்தாலும் அது ஜெசிந்தாவின் கிரைண்டர்தான். ஒருவர்கூட ஏமாற்றியதில்லை. எல்லாக் கடனும் ஒழுங்காக அடைந்தது.

அடையாதது ஒன்றே ஒன்று. எதிர்வீட்டு ரஃபீக் வாங்கிய கூட்ஸ் ஆட்டோ.

ரஃபீக் பேக்கரிகளுக்கு மைதா மூட்டை ஏற்றி இறக்குகிறவர். வாடகை வண்டிக்குப் பதில் சொந்த வண்டி இருந்தால் பிழைத்துக்கொள்வோம் என்று ஆசைப்பட்டார். ஜெசிந்தா கையெழுத்துப் போட்டார். ரெண்டு வருஷம் போல ரஃபீக் ஒழுங்காகத்தான் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு நாள் மூட்டை தூக்கும்போது முதுகில் ஏதோ பிசகி, படுத்தவர்தான். எழுந்து உட்காரவே பல மாதங்கள் ஆயிற்று. தவணை நின்றது. பைனான்ஸ்காரர்கள் வந்து ஆட்டோவை எடுத்துப் போனார்கள்.

வட்டாரமே கூடி நின்று வேடிக்கை பார்த்ததாம். ரஃபீக்கின் மனைவி மும்தாஜ் அழுதாராம். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள் — வண்டி போச்சு, கடனும் போச்சு. கணக்குத் தீர்ந்தது.

அங்கேதான் தப்பு. எடுத்துப் போன வண்டியை ஏலம் விட்டதில் வந்த பணம் பாதிக் கடனுக்குக்கூடக் காணவில்லை. மீதி, ஜெசிந்தாவின் பெயரிலேயே வட்டியோடு நின்றுவிட்டது. பைனான்ஸ்காரர்கள் நோட்டீஸ் அனுப்பத்தான் செய்தார்கள், பழைய முகவரிக்கு. அந்த வட்டாரத்தை இடித்து அபார்ட்மென்ட் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். செங்கல்லுக்கும் ஜல்லிக்கும் யார் நோட்டீஸைப் படித்துக் காட்டுவது?

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். பிறகு என் வாக்கிங் நண்பர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் என்ஜினீயர். ஒருவர் ஹைஸ்கூல் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "வண்டியத்தான் எடுத்துட்டுப் போயிட்டானே, அப்புறம் என்ன கடன்?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீங்கள்?

சரி, மறுபடி அந்தக் கண்ணாடி அறைக்கு வருவோம்.

கதையைக் கேட்டு ரகுராமின் மனசு இளகிவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"மேடம், ஒண்ணு பண்ணலாங்க. அந்த ரஃபீக் உங்க ஸ்லிப்பை வாங்கிட்டுப் போயி உங்களுக்குத் தெரியாம லோன் போட்டுட்டாருன்னு ஒரு போலீஸ் கம்ப்ளெய்ன்ட் குடுங்க. அந்தக் காப்பிய எங்கிட்ட குடுத்தீங்கன்னா, இவங்க ஏமாத்தப்பட்டவங்கன்னு சொல்லி நான் மேல பேசிப் பாக்கறேன். மேல உள்ளவங்களுக்கு ஒரு பேப்பர் வேணும், அவ்ளோதாங்க. எனக்கும் உங்கள விட மனசில்லீங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவுதானா விஷயம்!

"கம்ப்ளெய்ன்ட் குடுத்தா ரஃபீக் பாயை போலீஸ்ல கூப்டுவாங்களா சார்?"

"கூப்ட்டு விசாரிப்பாங்க. வேற ஒண்ணும் ஆகாதுங்க."

ஜெசிந்தா கைப்பையை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ஆபத்து வரப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. சரி என்று சொல்லட்டும் என்பதற்காக மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மிதித்தது ரகுராமின் ஷூவை என்பது, அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"அவரு ஏமாத்தல சார். அவரால முடியல" என்றார் ஜெசிந்தா. "ரெண்டும் வேற வேற. தெரிஞ்சுதான் சார் நான் கையெழுத்துப் போட்டேன். தெரியாதுன்னு எப்படி எழுதிக் குடுக்கறது?"

ரகுராம் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். ஜெசிந்தா ஒவ்வொன்றுக்கும் "தேங்க்ஸ் சார்" என்றார். அவ்வளவுதான். எழுந்து வந்துவிட்டோம். லிஃப்ட் வரை கூட வந்து வழியனுப்பிய ரகுராம், ஏதோ அவருக்கே வேலை போய்விட்டதைப் போல நின்றார்.

எனக்குக் கோபமான கோபம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கொட்டித் தீர்த்தேன். "கையில வந்த வேலையம்மா! ஒரு கையெழுத்து! உன் பொண்ணு படிப்பு என்ன ஆறது? அந்தோணி ஒருத்தரே எவ்ளோதான் ஓடுவார்? அந்த ரஃபீக் இன்னிக்கு உன்ன நெனச்சாவது பாப்பானா?"

"நீங்க சொல்றது கரெக்ட்டுதான் சார்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹெப்பால் வரும்வரை அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆக, வலிக்காமல் செய்த காரியம் இல்லை. வேலை போனதற்கு அழுதுகொண்டே வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். என் கோபம் கம்மனஹள்ளி தாண்டுவதற்குள் காணாமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்ததை மரியாதை என்று சொல்வதா, பிரமிப்பு என்று சொல்வதா தெரியவில்லை.

எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது. சத்தியமாக வந்திருக்காது. உண்மையைத்தான் எழுதுகிறேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் போல பிரமித்து உட்காருகிற ஜாதி இல்லை. "கம்ப்ளெய்ன்ட் குடுக்க வேணாம். ஆனா அந்தாளு சட்டையப் புடிச்சுக் கேக்கணுமா இல்லியா? வா ஜெசிந்தா, நான் வரேன்" என்று புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரஃபீக் குடும்பம் இப்போது டேனரி ரோடு பக்கம் இருக்கிறது. விசாரித்துப் போனார்கள்.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். "சட்டையப் புடிச்சியா?" என்று கேட்டேன்.

"எங்க புடிக்கறது? அந்த மனுஷன் முதுகுல பெல்ட்டைக் கட்டிக்கிட்டு ஒரு பாத்திரக் கடையில ஒக்காந்து பில்லு போடறார். ஜெசிந்தாவப் பாத்ததும் எந்திரிக்க முடியாம எந்திரிக்கறார். மும்தாஜ் வீட்ல மெஷின் வெச்சுத் தைக்கறா. விஷயத்தச் சொன்னதும், 'யா அல்லா, அக்கா, வண்டியோட எல்லாம் முடிஞ்சுதுன்னுல்ல நெனச்சோம்'னு அப்படியே ஒக்காந்துட்டா. மாசா மாசம் பாதிய நாங்க கட்டிடறோம்னு அவளாத்தான் சொன்னா."

"நீ ஒண்ணுமே சொல்லலியா?"

"நான் என்ன சொல்றது? ரெண்டு ப்ளவுஸ் தைக்கக் குடுத்துட்டு வந்தேன்."

இதற்குப் பிறகு ஜெசிந்தா செய்த காரியம்தான் என்னை இந்தப் பத்தியை எழுத வைத்தது.

மறுபடி வேலை தேட ஆரம்பித்தார். ஆனால் முறையை மாற்றிக்கொண்டார். போன முறை கடைசியில் கழுத்தறுத்த விஷயத்தை இப்போது முதல் வாக்கியமாக வைத்துக்கொண்டார். நேர்முகத்தில் உட்கார்ந்ததும், அவர்கள் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும், "சார், என் பேர்ல ஒரு கடன் பாக்கி இருக்கு. கூட்ஸ் ஆட்டோ லோன். மாசா மாசம் கட்டப் போறேன். அது உங்களுக்கு ப்ராப்ளம்னா இப்பவே சொல்லிடுங்க, ரெண்டு பேருக்கும் டைம் வேஸ்ட் ஆவாது" என்று ஆரம்பித்துவிடுவாராம்!

"பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட மொத வார்த்தையா கொறையச் சொல்லுவாளா யாராவது?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

யோசித்துப் பாருங்கள். வேலைக்கு மனு போடுகிற கலையே மறைக்கிற கலைதானே? நடுவில் வீட்டில் சும்மா இருந்த வருஷத்தை 'ஆலோசகராக இருந்தேன்' என்று எழுதுவோம். சண்டை போட்டு விட்ட வேலையை 'புதிய வாய்ப்புகளைத் தேடி' என்று எழுதுவோம். இந்த ஊரில் அந்த மாதிரி எழுதிக் கொடுப்பதற்கென்றே கடை வைத்திருக்கிறார்கள். ஜெசிந்தாவோ ஒளிக்க வேண்டியதைத் தூக்கி மேஜை மேல் வைத்துவிட்டு, பிறகு பேச்சை ஆரம்பிக்கிறார்.

பலன்? வரிசையாகத் தோல்விதான். ஓர் இடத்தில் உடனே கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். ஓர் இடத்தில் காபி கொடுத்து அனுப்பினார்கள். "இன்னிக்கு சீக்கிரம் முடிஞ்சிடுச்சு சார், போன பஸ்ஸே திரும்பி வந்துச்சு, அதுலயே ஏறி வந்துட்டேன்" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே படியேறினார். சிரிப்பு வாசலோடு சரி. மேலே போன பிறகு ரொம்ப நேரம் எந்தச் சத்தமும் இருக்காது. பாத்திரம் உருளுகிற சத்தம்கூட.

எனக்கு அந்த நாட்களில் ஒரு பயம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் என் பெயர் எப்படி என்று எனக்குத் தெரியும். மளிகைக் கடைக்காரர் நம்பிக் கடன் கொடுப்பார், பால்காரர் விசாரிப்பார். ஆனால் எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்குள் எனக்கு இன்னொரு பெயர் இருக்கிறதே, அது எந்த லட்சணத்தில் இருக்கிறதோ? தெருவில் நம் பெயர் கெட்டால் நாலு பேர் வந்து சொல்வார்கள். அங்கே கெட்டால் சொல்ல ஆள் இல்லை. கடன் கட்டாததால் வேலை இல்லையாம். வேலை இல்லாவிட்டால் கடனை எப்படிக் கட்டுவது? இந்தச் சின்னக் கேள்வியை அந்தக் கம்ப்யூட்டரிடம் யார் போய்க் கேட்பது?

கடைசியில் ஜெசிந்தாவுக்கு வேலை கிடைத்தது. எங்கே என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஓசூர் ரோடில் ஒரு கால் சென்டர். பல பைனான்ஸ் கம்பெனிகளுக்காக, கடனைக் கட்டாதவர்களைப் போனில் கூப்பிட்டு, 'எப்போது கட்டுகிறீர்கள்?' என்று கேட்கிற இடம்! தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசுகிற ஆட்கள் தேவை என்று விளம்பரம் பார்த்துப் போயிருக்கிறார். வழக்கம்போல் முதல் வாக்கியத்தைச் சொன்னதும், எதிரில் இருந்த மேனேஜர் ஒரு நிமிடம் விழித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாராம். ஃபிரான்சிஸ் என்று பெயர். கடனைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைகளைத்தான் இத்தனை நாள் வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தோம், நீங்கள் நாளைக்கே வாருங்கள் என்றாராம். பிரேசர் டவுன் ஷூ ஒருவழியாகத் தெருவுக்கு வந்தது.

அங்கே இவர் எப்படி வேலை செய்கிறார் என்று கேட்டேன். மற்றவர்கள் போனை எடுத்ததும் தொகையைச் சொல்வார்களாம், அதட்டுவார்களாம். இவர், "உடம்பு எப்படி இருக்குங்க? வேலை இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பாராம். சிலர் திட்டுவார்கள். சிலர் அழுவார்கள். "வண்டியத்தான் எடுத்துட்டுப் போயிட்டாங்களேம்மா" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேராம். அவர்களுக்கு உட்கார்ந்து பொறுமையாக விளக்குவாராம், அது அப்படி இல்லை என்று. யாரும் இவருக்கு விளக்கியதில்லை அல்லவா?

அதன் பிறகு எந்தத் தவணையும் தவறவில்லை என்று இங்கே எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. சேர்ந்த முதல் மாதச் சம்பளம் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. மும்தாஜ் தன் பாதியை அனுப்பிவிட்டார். இவருடைய பாதி நின்றுவிட்டது. அதற்காக என்னிடம் கைமாற்றுக் கேட்கவும் இல்லை. நானாகக் கேட்டதற்கும், "வேணாம் சார், அதுக்கு ஒரு கடனா?" என்று முடித்துவிட்டார்.

போன வாரம் புதன்கிழமை ஆபீஸில் நடந்ததை நேற்று வந்து சொன்னார். சிரித்துச் சிரித்து அவருக்குப் பேச்சே வரவில்லை.

அங்கே யாரை அழைப்பது என்று கம்ப்யூட்டர்தான் ஒவ்வொருவராக எடுத்துக் கொடுக்குமாம். அன்றைக்கு ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பழைய பாக்கிகள் மொத்தமாக வந்திருக்கின்றன. ஜெசிந்தாவின் திரையில் அடுத்த பெயர் வந்தது. ஜெசிந்தா, லிங்கராஜபுரம். கூட்ஸ் ஆட்டோ.

இவர் எழுந்து போய் ஃபிரான்சிஸிடம் சொல்லியிருக்கிறார். அவர் வந்து திரையை எட்டிப் பார்த்திருக்கிறார். சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்களாம். இதற்குள் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு நம்பரைப் போட்டுவிட்டது. அந்த ஹாலுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. எல்லாமே வெளியே லாக்கரில். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தாவின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் ஜெசிந்தா காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு அது அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அழைப்பு முடிந்ததும் திரையில் ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த ஆளுக்குப் போக முடியுமாம். ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை, கட்ட மறுக்கிறார், கட்டுவதாகச் சொல்கிறார்… இப்படி.

ஃபிரான்சிஸ் இரக்கப்பட்டு, "போன் எடுக்கலைன்னு போட்டுடுங்க மேடம். பொய் இல்லியே, நெஜமாவே யாரும் எடுக்கலதானே? உங்க பேரு பட்டியல்ல கொஞ்ச நாளைக்குக் கீழ போயிடும்" என்றாராம்.

ஜெசிந்தா அவரைப் பார்த்தாராம். திரையைப் பார்த்தாராம்.

"இல்ல சார். ஆளு இங்கதான் இருக்கா. கட்டறேன்னு சொல்றா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பதிலைத் தட்டிவிட்டு, அடுத்த நம்பருக்குப் போய்விட்டாராம்.

அந்த ஆபீஸில் நாள் பூராவும் எத்தனையோ பேர் 'கட்டறேன்' என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறார்கள். இந்த ஒரு 'கட்டறேன்'னுக்கு மட்டும் நான் எந்த பைனான்ஸ் கம்பெனியிலும் ஜாமீன் கையெழுத்துப் போடத் தயார் — என் மனைவியைக் கேட்காமலேயே!